பூநாரைக்கு ஒரு மையம்

கே: பழவேற்காடு ஏரிக்கரையில் பறவை ஆராய்ச்சி மையம் வருமா? ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைக்காரர்கள் பூநாரைக்குத் திருவிழாவே எடுக்கிறார்களே!
— சிப்காட் ஊழியர், கும்மிடிப்பூண்டி

ப: 25 கோடி ரூபாயில் சர்வதேசப் பறவைகள் மையம் என்று 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அதை மரக்காணம் தட்டிக்கொண்டு போய்விட்டது. நமக்கு 1980லேயே சரணாலயப் பட்டம் கொடுத்தாயிற்றே, போதாதா என்று நினைத்திருப்பார்கள்!

உண்மையில் ஆராய வேண்டியது இங்கேதான். பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை. முகத்துவாரம் மணலால் அடைபட்டாலும் சரி, ஆலைக்கழிவு கலந்தாலும் சரி, முதலில் ருசி பார்ப்பது அதுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சம்பளமில்லாத இன்ஸ்பெக்டர்!

மையம் வரட்டும். கட்டடத்துக்கு இடம் போதவில்லை என்று ஏரியில் மண் கொட்டாமல் இருந்தால் சரி.