லார்க் என்னும் சொல்லுக்கு ஒரு பேருரை

ஆங்கிலத்தில் லார்க் என்றொரு சொல் உண்டு. வயலுக்கு மேலே பறந்தபடி பாடும் வானம்பாடிக்கும் அதுதான் பெயர். பெரியவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் அடிக்கும் கூத்துக்கும் அதுதான் பெயர். பறவைப் பொருளுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். கூத்துப் பொருள் எழுத்தில் தலைகாட்டியதோ 1811-இல். இடைப்பட்ட காலமெல்லாம் பறவை பாடிக்கொண்டுதான் இருந்தது; அதன் பேரைச் சொல்லி யாரும் கூத்தடித்ததாகத் தெரியவில்லை. பிறகு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதே இப்பேருரை எடுத்துக்கொண்ட வினா. இதைத் தீர்த்துவைக்கும்படி எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை.

உரையாசிரியர்கள் இரு சாரார். முதற்சாரார் கப்பற்படைக் கட்சி. 1809-லேயே ‘ஸ்கைலார்க்’ என்பது வினைச்சொல்லாகப் புழங்கியது என்பது இவர்கள் காட்டும் சான்று. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் வேலை ஓய்ந்ததும் இளம் மாலுமிகள் பாய்மரத்தின் உச்சிவரை ஏறி, ஒருவரையொருவர் துரத்தி, கயிற்றைப் பிடித்துச் சர்ரென்று சறுக்கி இறங்குவார்கள். உயரத்தில் ஏறிக் கூவுகிறவனுக்கு வானம்பாடி என்று பேர் வைக்க அகராதியா வேண்டும்? ‘எல்லாரும் ஆடலாம், ஸ்கைலார்க் அடிக்கலாம்’ என்று மேலிடத்திலிருந்து ஆணை பிறக்கும் வழக்கமும் அந்தப் படையில் இருந்தது. கும்மாளத்துக்கும் ஆர்டர் போட்ட நிர்வாகம் அது.

மற்றொரு சாரார் வடக்கத்திக் கட்சி. யார்க்‌ஷயர்ப் பேச்சில் விளையாடுவதற்கு ‘லேக்’ என்பார்கள். வைக்கிங்குகள் விட்டுச்சென்ற ‘லெய்கா’ என்ற சொல்லின் வாரிசு அது. டேனிஷ் மொழியில் ‘லெக்’ என்றாலும் விளையாட்டுத்தான். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் ‘லெக் கொட்’டைச் சுருக்கித்தான் லெகோ கட்டைகளுக்குப் பேர் வைத்தார்கள். யார்க்‌ஷயர்க் குதிரைக்காரர்கள் வாயில் வந்த இந்த ‘லேக்’, பந்தயப் பிரியர்கள் காதில் ‘லார்க்’ என்று விழுந்திருக்கலாம் என்கிறது ஆக்ஸ்போர்டு அகராதி. இடையில் ரகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். தெற்கத்தி ஆங்கிலேயர் அந்த ரகரத்தை எழுதுவதோடு சரி, உச்சரிப்பதில்லை. இல்லாத ஒலி எப்படி வேண்டுமானாலும் வந்து சேரும். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொற்களைக் கொண்டுகூட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால் இது பக்கத்து வீடுதான்.

பறவையோடு தொடர்பு இருக்கவும் கூடும் என்று அதே அகராதி இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

முடிந்ததோ இல்லையோ, சொல் ஓடிப் பரவிவிட்டது. 1860-61-இல் டிக்கன்ஸ் எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் கொல்லர் ஜோவுக்கும் சிறுவன் பிப்புக்கும் அதுவே குழூஉக்குறி. ஜோவுக்கு எழுதத் தெரியாது. பிப்புக்குப் பிடி என்ற பெண் கடிதம் எழுதித் தரும்போது, இந்த ஒரு சொல்லைத் தவறாமல் சேர்க்கச் சொல்கிறார். மற்றதெல்லாம் பிப்புக்குப் புரிந்துவிடுமாம்.

இனி, பறவை கூத்தடிக்கிறதா என்று நேரில் பார்த்துவிட வேண்டியதுதான். தரையில் கூடு கட்டும் அது கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்புகிறது. சிறகை அடித்தபடியே இரண்டு மூன்று நிமிடம் இடைவிடாமல் பாடுகிறது. பாடுவது பெரும்பாலும் ஆண். எல்லையைக் காக்கவும் இணையை அழைக்கவும்தான் இந்தப் பாடு. மெர்லின் என்னும் சிறு வல்லூறு துரத்தும்போதும் சில வானம்பாடிகள் பாட்டை நிறுத்துவதில்லை. நன்றாகப் பாடுவதை வல்லூறு சீக்கிரம் கைவிடுகிறது, பாடாததை விடாமல் துரத்துகிறது என்று 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘உன்னால் என்னைப் பிடிக்க முடியாது, வேறு வேலையைப் பார்’ என்பதுதான் பாட்டின் பொழிப்புரை. இதைக் கும்மாளம் என்று சொன்னவர் வல்லூறாகத்தான் இருக்க வேண்டும்.

மனிதர்கள் தம் பங்குக்குச் செய்தது இன்னும் மோசம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வானம்பாடிக்கறி பேர்போன பண்டம். 1720 அக்டோபரில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். 1876-இல் அவற்றைப் பிடிக்கச் சாக்சனியில் தடை வந்தது. பேக்கரிக்காரர்கள் அசரவில்லை. குட்டிக் கிண்ணம் போன்ற மாவு ஓட்டில் பாதாம் விழுதை நிரப்பி, பறவையைக் கட்டும் நூலுக்குப் பதிலாக இரண்டு மாவுப் பட்டைகளைக் குறுக்கே போட்டு, அதே பேரில் விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். பிரெஞ்சில் இருக்கும் ‘அலுவெத்’ பாட்டோ, வானம்பாடியின் தலை, அலகு, கழுத்து என்று ஒவ்வோர் இடமாக இறகைப் பிடுங்கப்போவதாகச் சொல்வது. அதைக் கைதட்டிப் பாடுகிறவர்கள் குழந்தைகள்.

தமிழ் இந்தத் தகராறில் சிக்கவில்லை. வானம்பாடி என்பது இடத்தையும் தொழிலையும் மட்டும் சொல்லும் காரணப்பெயர்; விளையாட்டுக்கு அதில் இடமே இல்லை. 1971-இல் கோவையில் புதுக்கவிஞர்கள் சேர்ந்து சமூகக் கோபத்தோடு ‘வானம்பாடி’ என்று இதழ் தொடங்கியபோது, பெயரைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அந்த இயக்கத்தை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். ‘லார்க்ஸ்’ என்று மொட்டையாக எழுதிவிட்டால், அதன் கவிஞர்களான சிற்பியும் புவியரசும் பெரியவர்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கவிதை எழுதியதாக ஆகிவிடும்.