விட்டது யார்?

பென்னாகரத்துப் பையன் ஒருவன். பள்ளிக் கபடி அணியில் ரைடர். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கையோடு வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது: பத்தாவது வருகிறதே, கபடியை விடுவதா, வேண்டாமா? பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பா போனிலேயே தீர்ப்பு சொன்னார்: "இந்த ஒரு வருசம் மட்டும் விட்டுடுடா." மாமா கேட்டார்: "கபடி சோறு போடுமா?" பையன் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான். முழங்காலில் இன்னும் ஆறாத சிராய்ப்பு.

தம்பி, அவசரப்படாதே. நீ விட வேண்டிய அவசியமே இல்லை. உனக்கு முன்னால் பெரியவர்கள் எல்லோரும் விட்டாயிற்று.

உன் கால அட்டவணையைப் பார். வாரத்தில் இரண்டு கட்டத்தில் 'பி.டி.' என்று எழுதியிருக்கும். அது கணக்கு சார் வாங்கும் கைமாற்று. வட்டியும் வராது, அசலும் திரும்பாது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையில் கேட்டுக்கொண்டார். பலத்த கைதட்டல். தட்டிய கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

உடற்கல்வி ஆசிரியரைத் தேடுகிறாயா? 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. ஓவியம், தையலோடு உடற்கல்வியும் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பத்தாண்டுக்கு மேலாகச் சென்னைக்கு நடையாய் நடந்திருக்கிறார்கள். நம் உடற்கல்வியில் தவறாமல் நடக்கும் பயிற்சி அது ஒன்றுதான்: போலீஸ் வேனில் ஏறுவது, இறங்குவது.

இத்தனையும் தாண்டி நீ மாநில அணிக்கே போய்விட்டாய் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூனில் டெல்லி, போபால், குவாலியரில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போகவில்லை. காயமா? காய்ச்சலா? ஒன்றுமில்லை. வந்த தகவல் அதிகாரிகளைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை. ஆடித் தோற்றால் மனசு ஆறும். நாம் அவர்களை ரயில் ஏறும் முன்பே தோற்கடித்தோம்.

பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அன்றைக்கு மட்டும் நமக்கு விளையாட்டு ஞாபகம் வந்தது. அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பதக்கத்துக்குக் கோடி இருக்கிறது. பள்ளித் திடலில் கோடு போடச் சுண்ணாம்புக்குக் காசில்லை.

அப்பாமாரே, ஆசிரியப் பெருமக்களே, ஆட்சியாளர்களே! பிள்ளையிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்விதான் தெரிகிறது: விடுவாயா, மாட்டாயா? முதலில் அவனிடம் வாங்கிய இரண்டு பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். கடன்காரன் கேள்வி கேட்கக் கூடாது.