குருதாவி

ஒரு குருவிடம் தீட்சை வாங்கி, நெற்றியில் வைத்த விபூதி உதிர்வதற்குள் அடுத்த குருவைப் பற்றி விசாரிக்கத் தொடங்குபவர் குருதாவி எனப்படுவார். கட்சி தாவுபவருக்குப் பதவியாவது கிடைக்கும். இவருக்குக் கிடைப்பது கழுத்தில் ஒரு புதிய மாலையும் காலைச் சாப்பாட்டில் ஒரு புதிய தடையும்தான். இவ்வகையினர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள், விருப்ப ஓய்வு பெற்றவர்கள், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்.

முற்காலத்தில் இந்த இனம் அருகியே காணப்பட்டது. சைவக் குடும்பங்களுக்குத் திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்கள் இருந்தன. வைணவருக்கு ஆசாரியர் இரு தோளிலும் சங்கு சக்கரம் பொறித்துவிடுவார். சூடுபட்ட தோளோடு இன்னோர் ஆசாரியரைத் தேடிப் போவது அவ்வளவு எளிதன்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை, 1981இல் தோன்றிய வாழும் கலை, 1992இல் கோவையில் தொடங்கிய ஈஷா என்று ஆன்மிகம் வகுப்பாக வந்தது. வகுப்பு என்றால் சேர்க்கை உண்டு, அடுத்த நிலை உண்டு. டி.சி. கேட்பவர் மட்டும் இல்லை. குருதாவி பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

இவர் இப்போது யாரிடம் இருக்கிறார் என்பதை அறிய, தொலைபேசியில் அழைத்தால் போதும். "வாழ்க வளமுடன்" என்றால் ஆழியாறு. "ஜெய் குருதேவ்" என்றால் பெங்களூரு. "ஓம் சாந்தி" என்றால் பிரம்ம குமாரிகள். "ஓம் சக்தி" என்றால் மேல்மருவத்தூர். வெறும் "ஹலோ" என்று வந்தால் ஒரு குருவை விட்டுவிட்டார், இன்னொருவர் அமையவில்லை என்று பொருள். கடன் கேட்க நினைக்கும் உறவினர்கள் இந்த இடைக்காலத்துக்காகவே காத்திருப்பார்கள்.

அலமாரி இவருடைய வரலாற்று ஆவணக்காப்பகம். சிவப்பு வேட்டி ஒரு தட்டில், வெள்ளை ஜிப்பா ஒரு தட்டில். ஆணியில் உருத்திராட்சம், துளசிமணி, ஸ்படிகம். அண்மைக்காலச் சேர்க்கை கருங்காலி. பூஜையறைச் சுவரில் பழைய குருக்களை இறக்குவதில்லை, நகர்த்துவார். நடுவிலிருப்பவர் ஓரத்துக்குப் போவார், ஓரத்திலிருப்பவர் கதவுக்குப் பின்னால் போவார்.

ஒவ்வொரு குருவும் முதலில் வந்து சேருவது சமையலறைக்குத்தான். ஒருவரால் வெங்காயமும் பூண்டும் போகும். இன்னொருவரால் விடியற்காலையில் வேப்பிலை உருண்டையும் மஞ்சள் உருண்டையும் வரும். மூன்றாமவரால் அடுப்பில்லாச் சமையல் வரும். அது குருதாவிக்கு மட்டும். 1867இல் வள்ளலார் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. குருதாவி வீட்டு அடுப்பும் அணைவதில்லை: மற்றவர்களுக்குச் சமைத்து முடித்து, இரவு பத்து மணிக்கு இவருக்குத் திருட்டுத் தோசை வார்க்க வேண்டும். "ஆசையை விட்டாச்சுன்னீங்களே, ரெண்டாவது டம்ளர் காபி யாருக்கு?" என்று மனைவி கேட்பதுண்டு. "அது ஆசை இல்லம்மா, பிராரப்தம்" என்பது வழக்கமான பதில்.

ஒரு குருவிடம் இவருடைய வாழ்க்கை நான்கு பருவங்களைக் கொண்டது. முதலாவது வியப்பு: "இவரைப் பார்த்ததுமே உடம்பெல்லாம் ஒரு வைப்ரேஷன்." இரண்டாவது பிரசாரம்: கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவார், அவர் பாயசம் வருமுன் எழுந்துவிடுவார். மூன்றாவது சேவை: ஆசிரமத்தில் காய் நறுக்கவோ பாத்திரம் துலக்கவோ அழைப்பு வரும். நான்காவது ஐயம். மூன்றாம் பருவத்துக்கும் நான்காவதற்கும் இடையே பொதுவாக ஒரு வார இடைவெளிகூட இருப்பதில்லை. "அங்கே எனர்ஜி முன்ன மாதிரி இல்லை" என்பது அறிகுறி.

விபாசனா முகாம் இவருக்கு ஒரு கடும் சோதனை. கட்டணம் கிடையாது. ஆனால் காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம், யாரோடும் பேசக்கூடாது. பத்தாம் நாள் காலையில் மௌனம் கலையும். குருதாவியைப் பொறுத்தவரை அது ஏரி உடைப்பெடுப்பதுபோல. அடக்கிவைத்த பேச்சையெல்லாம் வட்டியோடு வீட்டார் தலையில் இறக்குவார்.

இவரைக் குழப்பிய ஒரே ஆள் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தம்மை உலக ஆசானாகக் கொண்டாடிய நட்சத்திர சங்கத்தை அவர் 1929இல் ஹாலந்தின் ஓமன் நகரில் தாமே கலைத்தார். தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். இதைப் படித்த குருதாவி மெய்சிலிர்த்து, அன்றே கிருஷ்ணமூர்த்தியின் சீடரானார். குரு தேவையில்லை என்பதைப் பரப்ப வாரந்தோறும் ஒரு கூட்டம் நடத்தினார். வந்தவர்கள் காலில் விழுந்தபோது தடுக்கவில்லை.

எல்லாத் தாவல்களுக்கும் நடுவே இவர் தவறாமல் போகும் ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார். ரமணர் 1896இல், 16 வயதில் அந்த ஊரில் வந்து இறங்கியவர். 1950இல் மறையும்வரை அதைவிட்டு வேறெங்கும் போகவில்லை. குருதாவி அங்கே தங்குவது வழக்கமாக ஓர் இரவு.