சாமான் லேசாகிவிட்டது

1993-ல் மெட்ராஸில் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் தொடங்கக் கயிறு, சாக்கு, கொஞ்சம் பணம் இருந்தால் போதும். என்னிடம் மூன்றும் இருந்தன, மூன்றும் இரவல். இன்று அதே ஊரில் அதே தொழிலில் இறங்கும் என் அக்கா மகனிடம் லோகோ இருக்கிறது, இணையதளம் இருக்கிறது, வழுவழுப்பான காகிதத்தில் அச்சடித்த பிசினஸ் பிளான் இருக்கிறது. கயிறு எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் வெண்டார் பாத்துப்பாங்க மாமா" என்கிறான்.

"ஒரு தடவை படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று பிளானைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தொழிலை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் இப்படி ஒன்றைக் கொடுப்பது ஆபத்து. பக்கத்துக்குப் பக்கம் என் காலம் குறுக்கே வந்து நின்றது.

முதல் பக்கம், பெயர். எனக்கு அதில் சிரமமே இருக்கவில்லை. முருகன் பெயரைப் போட்டு, பின்னால் 'டிரான்ஸ்போர்ட்' சேர்த்து, தகரப் பலகையில் எழுதி மாட்டியாயிற்று. பிறகுதான் விஷயம் தெரிந்தது: டெல்லிக்கும் பம்பாய்க்கும் சாமான் அனுப்புகிறவர்கள் வடநாட்டுப் பெயர் உள்ள கம்பெனியைத்தான் நம்புகிறார்கள். திருத்தணிக்கு வடக்கே முருகனுக்கு வழி தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ. மருமகன் வைத்திருக்கும் பெயர் எந்த மொழி என்று அவனுக்கே தெரியாது. "டொமைன் கிடைச்சது இதுதான் மாமா."

அடுத்தது வண்டி. எனக்குச் சொந்த வண்டி கிடையாது. எங்கள் பேட்டை ஸ்டாண்டில் நிற்கும் டாடா 407-ஐ நாள் வாடகைக்குப் பிடிப்பேன். 1986-ல் வந்த வண்டி அது. பெரிய லாரி நுழையாத சந்திலும் நுழையும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மொத்தச் சொத்தும் ஒரே நடையில் அடங்கும். அதற்கும் வசதியில்லாதவர்களுக்கு மீன்பாடி வண்டி. முன்னால் பலகை, பின்னால் பெடல் மிதிப்பவர், பலகையில் கவிழ்த்துப்போட்ட நாற்காலி, அதன்மேல் குடும்பத்தின் கடைக்குட்டி. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் சுமக்கும் அந்தச் சின்ன வண்டிக்கு ஊர் 'குட்டி யானை' என்று பெயர் வைத்து, ஒன்றரை டன் ஏற்றியது.

சொந்த வண்டி இல்லை என்பதை வாடிக்கையாளரிடம் நான் மூச்சுவிட்டதில்லை. கேட்டால், "நம்ம வண்டி சர்வீசுக்குப் போயிருக்கு சார்" என்பேன். மருமகன் அதையே பிளானில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்: 'அசெட் லைட்'. வண்டி இல்லை, குடோன் இல்லை, மாதச் சம்பள ஆள் இல்லை. நான் வெட்கப்பட்டு மறைத்த வறுமைக்கு இப்போது முதலீட்டாளர்கள் கைதட்டுகிறார்களாம்.

எஸ்டிமேட் போட நான் நேரில் போவேன். காபி வரும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் கண்ணுக்கு எதிரே நிற்கின்றன, எவனும் எண்ணிவிடுவான். தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பரண்ல என்னம்மா இருக்கு?" "ஒண்ணுமில்லப்பா, பழைய சாமான் கொஞ்சம்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தில் பித்தளை அண்டா, தவலை, கொலுப்படி, பொம்மைப் பெட்டி, காலேஜ் போகும் பையனின் தொட்டில் எல்லாம் அடக்கம். பிறகு மாடிப்படியைப் பார்ப்பேன். எத்தனை படி என்பது முக்கியமில்லை, எங்கே திரும்புகிறது என்பதுதான் கணக்கு. ஆட்டுக்கல், அம்மி, உரல் இருந்தால் கடைசியில் அடிக்கோடு போட்டு 'கல் சாமான் தனி' என்று எழுதுவேன்.

மருமகனின் கம்பெனியில் யாரும் யார் வீட்டுக்கும் போகவேண்டாம். வாடிக்கையாளர் போனைப் பிடித்துக்கொண்டு ஹால், பெட்ரூம், கிச்சன் என்று வீடியோவில் சுற்றிக் காட்டினால் போதும். செயலியே சாமானை அடையாளம் கண்டு விலை சொல்லிவிடும். பரணைக் காட்டச் சொல்லி அது கேட்பதில்லை. "அதுக்கு பத்து பர்சென்ட் பஃபர் வச்சிருக்கோம் மாமா." ஒன்பது படிக் கொலு பத்து சதவீதத்தில் அடங்குமா என்று நான் கேட்கவில்லை.

பேக்கிங் பக்கத்தில் வண்ணப்படங்கள். என் காலத்தில் பாத்திரத்துக்குப் பழைய பேப்பர், பீரோவுக்குக் கோரைப்பாய், டி.வி.க்கு இரண்டு மெத்தை. பாயும் மெத்தையும் வாடிக்கையாளருடையவையே. எப்படியும் அவையும் வண்டியில் வரத்தானே போகின்றன? பீங்கான் தட்டைப் படுக்கவைக்கக் கூடாது, நிற்கவைக்க வேண்டும். படுத்த தட்டு மேலே இருப்பதன் கனத்தில் விரியும். நின்ற தட்டு குலுக்கலைத் தாங்கும். ஊறுகாய் ஜாடியை மட்டும் எதிலும் கட்டுவதில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், வீட்டுக்கார அம்மாவின் மடியில் அது போகும். மாவடுவுக்கு அதைவிடப் பெரிய இன்ஷூரன்ஸ் கிடையாது.

இப்போது எல்லாவற்றுக்கும் பபிள் ராப். 1957-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஃபீல்டிங், ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் காகிதம் செய்யப்போய்க் கிடைத்த பொருள் அது. சுவரில் ஒட்டாதது உலகத்துச் சாமானிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதன்மேல் அட்டை ரோல், அதற்கும் மேல் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம். இத்தனைக்கும் உள்ளே இருப்பது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த அலமாரி. ஒருமுறை பிரித்துப் பூட்டலாம். இரண்டாம் முறை திருகு இருந்த இடத்தில் தூள்தான் கொட்டும். தேக்குக் கட்டிலை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கும்போது சுவருக்கு அடிபட்டுவிடுமே என்று நாங்கள் பயப்படுவோம். இன்று சுவர் தப்பித்துவிடுகிறது.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு இருந்தவர்கள் திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துக்காரர்கள். ஸ்டீல் பீரோவை அவர்கள் தூக்கமாட்டார்கள், நடக்கவைப்பார்கள். ஒருவன் மேல் விளிம்பைத் தன் பக்கம் லேசாகச் சாய்ப்பான். இன்னொருவன் ஒரு மூலையை ஊன்றவிட்டு மறு மூலையைத் திருப்புவான். கீழே விரித்த ஈரச்சாக்கின் மேல் பீரோ வலது கால், இடது கால் என்று மாற்றிவைத்துத் தானே வாசலுக்கு வரும். கண்ணாடி பதித்த பீரோ என்றால் கண்ணாடி ஆள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். "தன் மூஞ்சி எதிர்ல தெரிஞ்சா எவனும் இடிக்கமாட்டான்" என்பார் மேஸ்திரி.

இன்று ஆட்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அதே சாமர்த்தியம், அதே முதுகுவலி. வடநாட்டுப் பெயர் இல்லையே என்று அன்று என்னை ஒதுக்கியவர்கள், இன்று "ஆளுங்க எல்லாம் வடக்கத்திக்காரங்களா?" என்று கவலைப்படுகிறார்கள்.

ஆபீஸ் மாற்றுவது தனிக் கலை. பாரிமுனை, மவுண்ட் ரோடு ஆபீஸ்களுக்குள் சனிக்கிழமை வேலை முடிந்ததும் நுழைவோம். திங்கள் காலையில் ஊழியர்கள் வரும்போது எல்லாம் புது இடத்தில் இருக்கவேண்டும். இரும்பு அலமாரி, நாடா கட்டிய ஃபைல், டைப்ரைட்டர். எது எங்கே என்று தெரிந்தவர் ஹெட் கிளார்க் ஒருவர்தான்; அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் தொழில் ஓ.எம்.ஆர். பக்கம் திரும்பியது. மேசைக்கு மேசை பின்பக்கம் துருத்திய மானிட்டர், ஆளை வளைக்கும் யு.பி.எஸ். பேட்டரி. ஹெட் கிளார்க்கின் இடத்தில் ஸ்டிக்கர் வந்தது. மேசைக்கு ஒரு எண். அதே எண் பெட்டிக்கும் நாற்காலிக்கும். மாடிக்கு ஒரு நிறம். எழுத்து தெரியாதவனும் நிறத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் இறக்குவான்.

பிறகு மானிட்டர் தட்டையானது. மடிக்கணினி வந்து அதையும் விழுங்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது ஆபீஸ் நாற்காலிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டோம். ஒரே ஆபீஸ் நூறு வீட்டுக்குக் குடிபோன காலம் அது. இப்போது பல ஆபீஸ்களில் யாருக்கும் சொந்த இடமே கிடையாது. முதலில் வந்தவருக்கு ஜன்னலோரம். ஆளுக்கொரு லாக்கர், அதில் ஒரு காபி கப், ஒரு சார்ஜர். மாற்றுவதற்கு இதைவிட லேசான ஆபீஸ் கிடையாது. இதைவிட வரும்படி குறைந்ததும் கிடையாது.

சாமான் லேசாக லேசாகக் காகிதம் கனத்துக்கொண்டே வந்தது. எனக்கு எல்.ஆர். என்கிற லாரி ரசீதுப் புத்தகம் ஒன்றும் ரப்பர் ஸ்டாம்பும் போதும். சட்டம் என்று பார்த்தால் 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட கேரியர்ஸ் சட்டம். அப்படி ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. 2007-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் இயற்றி, 2011-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, சரக்கு ஏற்கும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 18 சதவீதம் சேர்த்து விலை சொன்னால், "பில் இல்லாம எவ்வளவு?" என்பார் வாடிக்கையாளர். அவரே கம்பெனி செலவில் மாறினால், "பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்" என்பார். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது. அந்த விதியின் நகலை டிரைவரிடம் கொடுத்தனுப்பு என்று பிளானின் ஓரத்தில் எழுதிவைத்தேன். தேவையில்லை என்பதற்கும் ஒரு காகிதம் தேவைப்படுகிற காலம்.

நாள் கிழமைக்கு மருமகன் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறான். ஆடியில் மாறமாட்டார்கள், மார்கழியில் மாறமாட்டார்கள், செவ்வாய் சனி ஆகாது, ராகுகாலம் எமகண்டம் ஆகாது. மிச்சமிருக்கும் முகூர்த்த நாளில் ஊரே ஒரே நேரத்தில் பால் காய்ச்சும். அன்றைக்கு 407 டிரைவர் ஸ்டாண்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இரட்டை வாடகை கேட்பான். பகல் கொள்ளை என்று திட்டுவோம். மருமகனின் செயலி அதையே வாய் திறக்காமல் செய்கிறது. 'டைனமிக் பிரைசிங்' என்று மரியாதையான பெயர்.

ஆடிக்குத் தள்ளுபடி போட்டிருக்கிறான். "புடவைக்கடையில ஆடி ஓடும்டா. நம்ம தொழில்ல இலவசம்னாலும் அசையமாட்டாங்க" என்றேன்.

"டேட்டா வேற மாதிரி சொல்லுது மாமா. வாடகை அக்ரிமென்ட் பதினொரு மாசத்துல முடியுது."

யோசித்தால் உண்மைதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்ற 1908-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பயந்து பதினொரு மாதம் எழுதத் தொடங்கினார்கள். பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தக் கணக்கு வருஷத்துக்கு ஒரு மாதம் முன்னால் நகர்ந்து, என்றைக்காவது ஆடியில் வந்து நிற்கத்தான் செய்யும். அதற்கும் ஜனங்கள் வழி வைத்திருக்கிறார்கள். உப்பு, மஞ்சள், குத்துவிளக்கு, சாமி படம் மட்டும் ஆனியிலேயே புது வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சிவிடும்; சோபாவும் ஃபிரிட்ஜும் ஆடியில் பின்னால் வரும். சாமி குடிபோய்விட்டால் ஆடிக்கு ஆட்சேபணை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மட்டும் இந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் மார்கழியிலேயே மாடி தேடினார்கள்.

கடைசிப் பக்கம், நற்பெயர். ஒரு தெருவில் ஒரு வீட்டை நன்றாக மாற்றிக் கொடுத்தால் அந்தத் தெருவே எனக்கு. ஒரு ஜாடி உடைந்தால் அந்தத் தெருவே போச்சு. இப்போது நட்சத்திரம். ஒரு வண்டிகூடக் கிளம்பியிருக்கவில்லை. அதற்குள் மருமகன் நாலே முக்கால் வாங்கிவிட்டான். "ஃப்ரெண்ட்ஸ் போட்டாங்க மாமா." ஆனால் இணையத்தில் யாராவது விலை விசாரித்தால் அந்த ஒரு நம்பரை ஐந்தாறு கம்பெனிக்கு விற்றுவிடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுப் போட்டிபோட்டு விலையை இறக்குகிறார்கள். அதில் ரொம்பவும் இறக்கியவன் சில சமயம் சாமானை ஏற்றியபிறகு பாதி வழியில் நிறுத்திப் பாக்கியைக் கேட்கிறான். எல்லார் தலைக்கு மேலும் நட்சத்திரம் மின்னுவதால், யாரை நம்புவது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

போன வாரம் மருமகனுக்கு முதல் ஆர்டர் வந்தது. ஓ.எம்.ஆரில் அடுக்குமாடி வீடு. செயலியின் கணக்குப்படி எல்லாமே லேசான சாமான். பகல் பதினொரு மணிக்கு அவனிடமிருந்து போன்.

"மாமா, இங்க ஒரு பூந்தொட்டி. ஆப் நாலு கிலோன்னு காட்டுது. ரெண்டு பசங்களும் தூக்கிப் பாத்துட்டு, போனை எடுத்து வேற ஆர்டர் தேடிக்கிட்டு இருக்காங்க."

படம் அனுப்பச் சொன்னேன். பார்த்தால் ஆட்டுக்கல். குழவியை எடுத்துவிட்டுக் குழியில் மணிபிளான்ட் வைத்திருக்கிறார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கியதாம். கிரைண்டர் வீட்டுக்கு வீடு வந்த நாளில், தனிக்கூலி கேட்டால் "கல்லை நீயே வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எத்தனையோ வீட்டுக் கொல்லையில் அதை உருட்டித் தள்ளியிருக்கிறேன். அது இப்போது விலை கொடுத்து வாங்கப்பட்டு, லிஃப்ட் ஏறி, ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

"தூக்காதீங்கடா. செடியை எடுத்துட்டு, சாக்கை விரிச்சு உருட்டுங்க. அதுக்கு முன்னாடி, கல் சாமான் தனின்னு அந்த அம்மாகிட்ட பேசு."

"ஆப்ல அதுக்கு ஆப்ஷன் இல்லையே மாமா."

"வாய் இருக்கு இல்ல?" என்றேன்.