டிக்கி ஸ்பேனர் – நன்றி தெரிவித்தல் – சார்பு

அனுப்புநர்
கார் கடன் இன்னும் அடையாத ஒரு வாடிக்கையாளன்,
சென்னை.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
டிக்கியில் என்ன கருவி வைப்பது என்று முடிவு செய்யும் பிரிவு,
பெயர் சொல்ல வேண்டாத ஒரு கார் கம்பெனி.

பொருள்: காருடன் வழங்கப்படும் கருவிகள் – வாடிக்கையாளரின் தன்னம்பிக்கையைக் குறைப்பதில் அவை ஆற்றிவரும் பணி – நன்றி தெரிவித்தல் – சார்பு.

பார்வை: எல் வடிவ வீல் ஸ்பேனர் 1, கத்தரி ஜாக்கி 1, இழுவைக் கொக்கி 1.

ஐயா,

பார்வையில் கண்ட மூன்றும் டிக்கிக் கம்பளத்துக்கு அடியில், தெர்மாகோல் மெத்தையில் கீறல் படாமல் இருக்கின்றன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவை அப்படியே கிடக்க வேண்டும் என்பதுதான் உங்கள் பிரிவின் நோக்கம் என்பது ஒரு தடவை பஞ்சரானால் யாருக்கும் விளங்கிவிடும்.

முதலில் எல் ஸ்பேனர். கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு கம்பி, நுனியில் ஒரு குழி. கையின் நீளம் 25 சென்டிமீட்டர் இருக்கும். சிறிய கார்களின் வீல் நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான்: கால் மீட்டர் கையின் நுனியில் 40 கிலோ அழுத்தம். நல்லது. ஆனால் அந்த நட்டைக் கடைசியாக முறுக்கியவன் நானல்ல. சர்வீஸ் சென்டர் தம்பி. அவர் கையில் இருப்பது ஏர் கன். டர்ர் என்று ஒரு முறை, மனசு ஆறாமல் இன்னொரு முறை. முறுக்கு இரட்டிப்பாகிவிட்டால் எனக்குத் தேவை 80 கிலோ. என் எடை 62. மீதி 18 கிலோவுக்கு வீட்டம்மாவை அழைக்கலாமா என்று கையேட்டில் தேடினேன். குறிப்பு ஏதும் இல்லை.

வேலூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்கும் குடும்பத் தலைவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டடி நீளக் கைப்பிடியும் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டும் இருந்தால் அதே நட்டு 34 கிலோ அழுத்தத்தில் அசைந்துவிடும். பத்தாவது படிக்கும் பிள்ளையே கழற்றிவிடும். கூடுதலாக ஓரடி இரும்பைச் சேர்த்தால் மைலேஜ் குறையும் என்று உங்கள் பொறியாளர்கள் அஞ்சியிருக்கலாம். சன்ரூஃப் வைக்கும்போது அந்த அச்சம் வரவில்லை போலிருக்கிறது.

கத்தரி ஜாக்கியைப் பற்றி மட்டும் பகடி இல்லாமல் ஒரு பாராட்டு. அதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தில், தூக்கிய காருக்கு அடியில் ஒரு மனிதன் படுத்திருக்கிறான். அவன் மேல் பெருக்கல் குறி. உங்கள் பிரிவிலேயே நேர்மையானவர் அதை ஒட்டியவர்தான். டயர் மாற்றும் சில நிமிடங்களுக்கு மேல் அந்த ஜாக்கியை நம்பக் கூடாது என்பதை அவர் ஒருவர்தான் வெளியே சொல்கிறார். ஆனால் நம் ஊரில் ஜாக்கியை நம்பாதவர்கள் அடுத்து நம்புவது ஹாலோ பிளாக் கல்லை. உள்ளே பொந்து வைத்து வார்த்த கல். எடை ஒரு முனையில் குவிந்தால் எச்சரிக்கை எதுவும் தராமல் தூள் தூளாகிவிடும். காருக்கு அடியில் தலையை நுழைக்கிறவர் மற்ற எல்லாக் கருவிக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு. டிராலி ஜாக் அதற்குப் பிறகு. ஸ்பேனரில் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது.

மற்றபடி உங்கள் கொள்கை தெளிவானது. கையேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ‘அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்’. பல்பு மாற்றவா? அணுகவும். பேட்டரி கழற்றவா? அணுகவும். அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர்கள் டிக்கியில் ஒரு சாக்குப் பை வைத்திருப்பார்கள். ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், கொஞ்சம் பனியன் வேஸ்ட். 2014-ல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றபோது உங்களைப் போன்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். 2020-ல் மத்திய அரசும் கை கொடுத்தது: டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் ஏற்பாடும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தியது. ஸ்டெப்னி இல்லாத காருக்கு ஸ்பேனர் எதற்கு என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அவருக்குப் பதவி உயர்வு நிச்சயம்.

உங்கள் புண்ணியத்தில் நான் சொந்தமாகக் கருவி வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். அதற்கு முன்பு, இணையத்தில் எல்லோரும் வாங்குகிற 46 உருப்படிப் பெட்டி ஒன்றை நண்பர் வீட்டில் பார்த்திருந்தேன். திறந்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதிலுள்ள பெரிய சாக்கெட் 14 மில்லிமீட்டர். வீல் நட்டோ 17, 19, இல்லாவிட்டால் 21. எண்ணிக்கையைக் கூட்ட 4, 4.5, 5, 5.5 என்று சாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. என் காரில் அவற்றுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று உங்கள் பிரிவால் சொல்ல முடிந்தால் மகிழ்வேன். கல்யாணச் சீரில் வரும் வெள்ளிக் கிண்ணம் மாதிரி, அடுக்கி வைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“சார், பெட்டி வேணுமா, ஸ்பேனர் வேணுமா?”

“ஸ்பேனர்தாண்ணே.”

“அப்ப பெட்டியப் பாக்காதீங்க, வாயப் பாருங்க.”

ஸ்பேனரின் வாயைச் சொன்னார். இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா, உள்பக்கம் வழவழவென்று கடைந்திருக்கிறதா, முலாம் பூச்சுக்குக் கீழே புடைப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு புது போல்ட்டை எடுத்து, 10 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி ஆட்டினார். நல்லது ஆடவில்லை. பக்கத்திலிருந்த மலிவானது லொடலொடத்தது. அந்த ஆட்டம்தான் பின்னால் போல்ட் தலையை உருட்டிவிடும்; தலை உருண்ட போல்ட்டை எடுக்க வெல்டிங் கடை வரை போக வேண்டும். குரோம் வனேடியம் என்ற முத்திரை இரண்டிலுமே இருந்தது. முத்திரை குத்த அச்சு ஒன்று இருந்தால் போதுமே.

நான் வாங்கியது கொஞ்சம்தான். ஜப்பானிய வழி வந்த கார்களுக்கு 8, 10, 12, 14, 17, 19 இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் 13-ஐயும் 16-ஐயும் நட்சத்திரத் தலை பிட்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாக்கெட்டில் பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை போதும். அது போல்ட் தலையின் மூலையைக் கடிக்காமல் பக்கத்தைப் பிடிக்கும். ஏர் கன்னுக்கு மாட்டும் சாக்கெட் கறுப்பாக, தடித்த சுவரோடு தனியாக விற்கிறது. பளபளக்கும் சாதாரண சாக்கெட்டை அதில் மாட்டினால் வெடித்துச் சிதறலாம். ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கினேன். சொன்ன அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும். அதை நட்டைக் கழற்றப் பயன்படுத்தக் கூடாது, வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் கோரிக்கை. உங்கள் கையேட்டை விட மரியாதையாகப் பேசுகிறது.

ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடித்து உருவாக்கும் ஸ்பேனர்கள் உலகமெங்கும் கப்பலேறுகின்றன. நாசிக்கின் தபாரியா ஸ்பேனர் இல்லாத மெக்கானிக் ஷெட் அரிது. இத்தனையும் உள்ள நாட்டில், பல லட்சம் ரூபாய் வண்டிக்குள் பெயின்ட் அடித்த கம்பியைத் தேடிப்பிடித்து வைக்கும் உங்கள் திறமையை எப்படிப் பாராட்டுவது என்றே தெரியவில்லை.

எனவே ஐயா, கோரிக்கை பெரிதல்ல. அந்தக் கம்பியின் கையை நீட்டிக்கொள்ளும்படி செய்து தாருங்கள். அதன் மேல் வீல் நட்டுக்கான முறுக்கு அளவைப் பொறித்துத் தாருங்கள். எண்ணைப் பொறிப்பதால் எடை கூடாது. இதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும் என்றால், உறுப்பினர்களை ஒரு நாள் வாலாஜா சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில், பஞ்சரான காரோடும் நீங்கள் தந்த ஸ்பேனரோடும் விட்டுவிட்டு வரவும். அறிக்கை சாயந்திரத்துக்குள் வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்.

நகல்: ஏர் கன் பிடிக்கும் தம்பிக்கு. தம்பி, நட்டை முதலில் கையால் பிடித்து ஏற்றுங்கள். கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சால் வையுங்கள்.