திண்ணையில் இல்லாத ஆள்

பெறுநர்: செயலாளர் அவர்கள், திருவனந்தபுரம் மாநகராட்சி.
அனுப்புநர்: பலசரக்கு வியாபாரி ஒருவன், சாலைக் கடைத்தெரு.
பொருள்: ஒழிக்கப்பட்ட ஆள் ஒருவர் என் கடைத்திண்ணையில் தொடர்ந்து படுப்பது குறித்து.

ஐயா,

2025 நவம்பர் 1, கேரளப் பிறவி நாளன்று, இந்த மாநிலத்தில் தீவிர வறுமை ஒழிந்துவிட்டது என்று முதலமைச்சர் நம் ஊரில் வைத்தே அறிவித்தார். 64,006 குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து, வீடு, ரேஷன் கார்டு, மருந்து என்று நான்கு வருஷம் பாடுபட்ட வேலை அது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் வேறு. பட்டியலை மூடிய பிறகும் என் திண்ணையில் ஒருவர் படுக்கிறார். அரசாங்கம் இல்லை என்று சொன்ன பிறகும் ஒருவர் இருக்கலாமா, இருந்தால் அதற்கு என்ன தண்டனை என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

நான் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். ஷட்டரை இறக்கியதும் திண்ணையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். கேட்டால் சுத்தம் என்பேன். அடுத்த கடைக்காரர் என்னைவிடக் கெட்டி. திண்ணையையே சரிவாக இடித்துக் கட்டிவிட்டார். இப்போது அதில் பூனைகூட உட்காருவதில்லை. நம்முடைய ஆளோ தண்ணீர் காயும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்து, நடுராத்திரிக்கு மேல் சாக்கை விரித்துப் படுக்கிறார். விசாரித்ததில், இந்தத் தெருவிலேயே சுமடு எடுத்தவராம். என் அப்பா காலத்து மிளகாய் மூட்டைகள் அவர் தலையில்தான் வந்து இறங்கினவாம். முதுகு போனது, கூலி போனது, கூலியோடு வாடகை அறையும் போனது. இதெல்லாம் அவருடைய சொந்த விஷயம். இதில் நான் தலையிட விரும்பவில்லை.

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் இந்தத் தெருவை உண்டாக்கிய நாளிலிருந்து நாங்கள் வியாபாரிகள் நாலு காசு பார்த்து வருகிறோம். அதற்காக இந்த ஊர் அன்னமிடாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு மகாராஜா தினமும் இலவசச் சாப்பாடு போட்டார். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை பத்மநாப சுவாமி கோயிலில் 56 நாள் முறைஜபம் என்ற வேதபாராயணம் நடக்கும்போது கேட்கவே வேண்டாம். அதே திருவிதாங்கூரில்தான் கொல்லம் ஆண்டு 1120-இல், அதாவது 1945 வாக்கில், பிச்சைத் தடுப்புச் சட்டமும் வந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்து வாங்குகிறவர் விருந்தாளி, தெருவில் நின்று வாங்குகிறவன் குற்றவாளி. இந்தத் தெளிவு நம் முன்னோருக்கு இருந்தது. இடையில் புகுந்து குழப்பியவர்கள் நீதிபதிகள். பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவுகள் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றும் மேட்டுக்குடிப் பார்வையை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அவர்களுக்கென்ன, சாலையில் கடையா இருக்கிறது?

முன்மாதிரி வேண்டுமென்றால் இந்தூரைப் பாருங்கள். நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று வருஷம் தவறாமல் பரிசு வாங்கிய ஊர். 2021 ஜனவரிக் குளிரில், தெருவில் கிடந்த முதியவர்களை மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கிராமத்தார் சண்டை போட்டு, எல்லோரையும் திரும்ப வண்டியில் ஏற்றவைத்தார்கள். வீடியோ பரவியது, அதிகாரி சஸ்பெண்டு ஆனார். பட்டப்பகலில் செய்ததுதான் பிசகு என்பது என் தாழ்மையான கருத்து.

நம் மக்களிடம் விழிப்புணர்வுக்குக் குறைவில்லை. 2018 தொடக்கத்தில் கேரளத்து வீட்டு ஜன்னல்களில் கறுப்பு ஸ்டிக்கர்கள் தென்பட்டதும், குழந்தை பிடிக்கிறவர்கள் வைத்த அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க வியாபாரிகள் ஒட்டுவது அது என்று போலீஸ் விளக்குவதற்குள், அழுக்கு வேட்டியோடு நடந்து போன சிலர் அடிவாங்கி முடித்திருந்தார்கள். அதே வருஷம் மே மாதம் தமிழ்நாட்டில் பழவேற்காட்டில், தெருவில் திரிந்த ஒருவரை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். சாலைக்காரர்கள் நாங்கள் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறோம் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனத்தில் கொள்ள வேண்டும்.

எங்களில் ஒருவரே எங்களைக் கெடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆ. மாதவன் என்று பெயர். இதே தெருவில் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்து கல்லாவை மட்டும் பார்க்காமல், திண்ணையிலும் ஓடையோரத்திலும் கிடந்தவர்களைப் பார்த்துக் கதை எழுதினார். 2015-இல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருது வந்தது. நல்லவேளை, கதைகளுக்கு இல்லை, கட்டுரைத் தொகுப்புக்கு. 2021-இல் அவரும் போய்விட்டார். இப்போது சாலையில் கணக்கு மட்டும்தான் எழுதுகிறோம்.

கொரோனா பொதுமுடக்கத்தில் தெருவாசிகளையெல்லாம் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்துச் சோறு போட்டீர்கள். அந்தச் சில வாரம் என் திண்ணை திண்ணையாக இருந்தது. அவர்களுக்கு ஒட்டியது நமக்கும் ஒட்டும் என்ற பயம் இருந்ததால் இடமும் கிடைத்தது, அரிசியும் கிடைத்தது. அடுத்த தொற்று எப்போது வரும் என்று தங்களுக்கு ஏதாவது தகவல் உண்டா?

கடைசியாக ஒன்று. வீடில்லாதவரும் வாக்காளராகலாமாம். முகவரிச் சான்று தேவையில்லையாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டால் போதுமாம். நம்முடைய ஆள் பெயர் சேர்க்கும் படிவம் 6 கேட்டு அலைவதாகக் கேள்வி. என் கடைத்திண்ணையைத்தான் முகவரியாகப் போடப்போகிறார். தேர்தல் வேலைக்கு இடைஞ்சல் செய்கிற ஆள் நானில்லை. அலுவலர் வருகிற தேதியை முன்கூட்டியே சொன்னால் அன்றைக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற மாட்டேன். ஆனால் ஒரு ராத்திரிக்கு மேல் வந்து பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். இரண்டாவது ராத்திரியும் திண்ணையைக் காயவிடுவது எனக்குக் கட்டுப்படியாகாது. ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துக்கொள்ளும்படி மேலிடத்துக்குத் தாங்கள் ஒரு வரி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு சாலை வியாபாரி