குருவி யூனியன்

எங்கள் மலையகத்தில் சந்தா என்று வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி, "எந்த யூனியன்?" அடுத்தது, "சம்பளத்துலயே புடிச்சிருவாங்களா?" பறவை பார்க்கிறவர்களுக்காக மாதம் ஒரு கடிதம் எழுதப்போகிறேன், சேருகிறவர்கள் மாதம் நூறு ரூபாய் தந்தால் போதும் என்று ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் சொன்னபோது, இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் தோட்டக் கமிட்டித் தலைவர் வந்துவிட்டார். தேர்தல் காலம் வேறு. கழுத்தில் தொங்கிய பைனாகுலரையும் கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் சேர்க்கிறீங்களா தம்பி? பரவாயில்ல, சின்னம்கூட ரெடியா வச்சிருக்கீங்க" என்றார். அன்று சாயங்காலமே லயம் முழுக்க எங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று: குருவி யூனியன்.

பொழுதுபோக்கைப் பிழைப்பாக்குவது எப்படி என்று சொல்லித்தர இன்று இணையத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாரம் தவறாமல் மடல் அனுப்பு. ஓசியில் படிக்கிறவனைக் காசு கட்டுகிறவனாக்கு. கட்டுகிறவனுக்கு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படி வை. பேட்ரியன் 2013இல் வந்தது, சப்ஸ்டாக் 2017இல் வந்தது. இதையெல்லாம் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று அவர்களுக்கு நினைப்பு. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1872இலேயே இந்தியாவில் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்று பறவைகளுக்கென்றே ஓர் இதழ் தொடங்கிவிட்டார். எங்கெங்கோ இருந்த அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் கண்டதை எழுதி அனுப்ப, அவர் போட்டுக்கொண்டே இருந்தார். அப்படி ஆள் சேர்த்துப் பழகிய மனுஷர் 1885இல் இந்திய தேசியக் காங்கிரஸைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரானார். எங்கள் தோட்டத் தலைவரின் சந்தேகத்தில் சரித்திர நியாயம் இல்லாமலில்லை.

இலங்கையிலும் இது புதிதல்ல. சிலோன் பேர்ட் கிளப் 1943இல் தொடங்கியது. உறுப்பினர்கள் பார்த்ததைத் தொகுத்து மாதாந்தக் குறிப்பு வெளியிடுவது அதன் வழக்கம். அந்தக் காலத்துப் பறவை ஆட்களில் துரைமார் உண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் தேயிலைத் துரை. 1955இல் இலங்கைப் பறவைகளுக்குக் கையேடு எழுதிய ஜி. எம். ஹென்றி பிறந்ததே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான். கடலுக்கு அந்தப் பக்கம் பம்பாயில் ஸஃபர் ஃபதேஹலி 1960 வாக்கில் பறவை பார்ப்பவர்களுக்கென்று ஒரு செய்திமடலைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஓட்டினார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழுவுக்கும் 'மல்கோஹா' என்று ஒரு மடல் உண்டு. இந்த மாதிரி மடல்களில் பாதிக்கு மேல் என்ன இருக்கும் தெரியுமா? இன்ன குருவி, இன்ன இடம், இன்ன திகதி, பார்த்தவர் இன்னார். அந்த இன்னாருக்காகத்தான் இன்னார் சந்தா கட்டுகிறார் என்பது என் கட்சி. கட்டுரையை நாலு பேர் படிப்பார்கள். தன் பெயர் வந்த வரியை வீட்டில் உள்ளவர்கள், சம்பந்தி வீடு, பழைய வாத்தியார் எல்லாரும் படித்தாக வேண்டும்.

கடிதத்தை முதலில் மின்னஞ்சலில்தான் அனுப்பினேன். எங்கள் பக்கம் மின்னஞ்சல் முகவரி என்பது வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கொமியூனிகேஷன் கடைப் பையன் உண்டாக்கித் தருவது. கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். ஆகவே வாட்ஸ்அப்புக்கு மாறினோம். அங்கே வேறு தொல்லை. விடிந்தால் ரோஜாப்பூவும் அன்னப்பறவையும் சேர்ந்து காலை வணக்கம் சொல்லும். "அன்னம் எந்தத் தோட்டத்துல கண்டது, எத்தனை மணிக்கு?" என்று எங்கள் சங்கச் செயலாளர் உண்மையாகவே விசாரித்தார். எழுத்து பொடியாக இருக்கிறது என்று பெரியவர்கள் முறையிட்டதால் இப்போது கடிதத்தை நானே வாசித்துக் குரல் பதிவாகவும் அனுப்புகிறேன். மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறதாம்.

தங்கம், வெள்ளி எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. பெரிய துரை, சின்னத் துரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று தோட்டத்தில் இருக்கிற படி போதாதா? எல்லாருக்கும் ஒரே நூறு ரூபாய். சிலர் அதை ரீலோடாக அனுப்புவார்கள். நுவரெலியாப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் வருஷச் சந்தாவை லீக்ஸாகக் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் படி இல்லாவிட்டாலும் பதவி வேண்டுமே! தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று போட்டு முடித்தபோது சாதாரண உறுப்பினராக மிஞ்சியவர் ஒருவர். அவர் மனம் நொந்துவிடக்கூடாதென்று அவரை அமைப்பாளராக்கினோம். டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் போஷகரானார். கடிதத்தின் தலைப்பில் மலைக் கழுகுக்குப் பக்கத்தில் தன் படமும் வர வேண்டும் என்றார். வந்தது. அடையாளத்துக்காக இரண்டின் கீழும் பெயர் போட்டிருக்கிறோம்.

குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் கூட்டாகப் போனோம். ரோஜாப் பாத்திகளை விட்டுவிட்டு, பூங்கா ஓரமாக மூக்கைப் பொத்த வைக்கும் ஓடைப் பக்கம் போனால்தான் அரிய குருவிகள். இமயத்திலிருந்து வரும் பூங்குருவி சகதியில் புழு கிளறிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கில் விலைபோகும் லென்ஸோடு ஐரோப்பியர்கள் அந்த வாடையில் பக்தியோடு நிற்பார்கள். நாங்கள் போன அன்று குருவி வரவில்லை. ஆனாலும் உபசெயலாளர் அறிக்கை எழுதித் தந்துவிட்டார்: "காணப்பட்டவை: காகம், மைனா, வெள்ளைக்காரர் (ஒரு சோடி, பூங்காவுக்கு வருகை தருபவை)."

கடிதம் கடலும் தாண்டியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எங்கள் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். அப்படிப் போன குடும்பமொன்றில் பிறந்தவர் இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று கட்டைவிரல் அளவில் ஒரு குருவி. காஷ்மீர்ப் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நீலகிரிக்கும் எங்கள் மலைக்கும் வருகிறது; எந்த ஒப்பந்தத்திலும் அதன் பெயர் இல்லை. அவர் தன் வீட்டு மரத்தில் அதைக் கண்டதும், "இங்க வந்துட்டான். அங்க வந்துட்டானா?" என்று கேட்டு அனுப்புவார். வரவில்லை என்றால் எங்கள் தலைவருக்கு ஏதோ கலியாணப் பொருத்தம் தட்டிப்போன மாதிரி முகம் சுருங்கும். கோத்தகிரிக்காரர் கட்டுவது இந்திய நூறு ரூபாய். இங்கே மூன்று மடங்குக்கு மேல் தேறும் என்பதால், வாக்கெடுப்பில் தனக்கு மூன்று ஓட்டு உண்டா என்று கேட்டிருக்கிறார். விஷயம் நிர்வாகக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

கண்டது, கேட்டது என்று பதிவில் இரண்டு பிரித்தோம். கண்டால் முழுப்பெயர், சத்தம் மட்டும் கேட்டால் தோட்டத்தின் பெயர் மட்டும். இதில்தான் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி ஒருவர் என்னை ரோட்டில் மறித்தார். முப்பது நாற்பது வருஷம் விடியக் காலையில் மலையேறியவர். நாங்கள் படத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னது என்று சொல்லிவிடுவார்.

"ஆறுமணிக்குருவி வந்திருச்சுன்னு நாந்தானே சொன்னேன். ஏன் பேர் போடல?"

"பெரியம்மா, நீங்க கேட்டதுதானே. பாக்கலியே."

"இருட்டுல கூவுறத எப்படிப் பாக்குறது? அப்ப இது அரைப்பேரா?"

நிறுவையில் கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளம்தான் போடுவார். அதற்குத்தான் அரைப்பேர் என்பது. சங்கத்து விதியை விளக்கினேன். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சந்தா பாக்கியையும் மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

"குருவிய கண்டுபுடிக்கிறது நானு. எழுதுறது நீ. நீதான் எனக்குக் காசு தரணும்" என்றார்.

நிர்வாகக் குழுவைக் கூட்டினோம். நியாயம் அவர் பக்கம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், பொருளாளரைத் தவிர. இந்த மாதத்திலிருந்து அவருக்கு முழுப்பேர். முற்பணமாக அந்த லீக்ஸில் ஒரு கட்டு கொடுத்திருக்கிறோம்; அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவதென்று கணக்காய்வாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.